மாக்கோலமும் ஆல்பனாவும்

கல்யாணமாகி அலிப்பூருக்கு நான் வந்த புதிது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஊறவைத்து அரைத்த அரிசி மாவில் துணியை நனைத்து, மோதிர விரல் வழியாக வழியவிட்டு, ஸ்வாமி அலமாரிக்கு முன்னால் இழைக்கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர் ஃப்ளாட்டில் இருந்த வங்காளப் பாட்டி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "ஆல்பனா!" என்றார். "இல்லை, மாக்கோலம்" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அப்போது வங்காளம் தெரியாது. அவர் மெதுவாக உட்கார்ந்து, என் கையிலிருந்த துணியை வாங்கி, கோலத்துக்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் பாதங்களை வரைந்தார். நாம் கோகுலாஷ்டமிக்குப் போடும் குட்டிப் பாதங்கள் மாதிரியே இருந்தன. துர்கா பூஜை முடிந்து வரும் பௌர்ணமியன்று, லக்ஷ்மி வீட்டுக்குள் வருவதாக அவர்கள் போடும் பாதங்கள் அவை என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

போன கோடை விடுமுறையில் இது மறுபடியும் ஞாபகத்துக்கு வந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த என் பேரன், ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான்களை வைத்துக்கொண்டு, "பாட்டி, விளையாட ஒண்ணுமே இல்லை" என்று அலுத்துக்கொண்டான். வீட்டிலேயே கையால் ஏதாவது செய்து குழந்தைகள் பொழுதைப் போக்கியது எப்போது நின்றது, ஏன் நின்றது என்று யோசித்தேன். நான் இருக்கும் ஊரின் சரித்திரத்திலேயே அதற்குப் பதில் கொஞ்சம் இருக்கிறது.

நம் வீடுகளில் இருந்த கைவேலை

முதலில் நம் கதையைப் பார்ப்போம். கைவேலை நமக்கு அந்நியமானதல்ல. என் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து தக்ளியில் பஞ்சு நூற்றுப் பூணூல் செய்வார். தர்ப்பையை முறுக்கிப் பவித்ரம் போடுவதைப் பையன்கள் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். விசேஷத்துக்கு நாலு நாள் முன்பிருந்தே ஈர்க்குச்சியால் தையல் இலை தைப்பது குழந்தைகளின் வேலை. விளக்குக்குத் திரி திரிப்பது, பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண்ணில் பிள்ளையார் பிடித்துக் குன்றிமணியைக் கண்ணாகப் பதிப்பது, பழைய ஒன்பது கஜத்தைக் கிழித்துக் கைக்குழந்தைக்குத் தூளி கட்டுவது என்று பட்டியல் நீளும். யாரும் இதையெல்லாம் 'கலை' என்று சொன்னதில்லை. வீட்டு வேலை என்றே நினைத்தார்கள். இன்று பூணூலிலிருந்து பிள்ளையார் வரை எல்லாம் கடையில் வருகின்றன.

விரதமும் சித்திரமும்

வங்காளத்திலும் இதே கதைதான். ஆனால் அங்கே நூறு வருஷங்களுக்கு முன்பே ஒருவர் அதை மதித்து எழுதி வைத்தார். ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் முறையினரின் பிள்ளையான அவனீந்திரநாத் தாகூர்தான் அவர். 1871ல் ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தவர். நவீன வங்காள ஓவியத்துக்கு அடித்தளம் போட்டவர். அவர் 1919ல் 'பாங்லார் ப்ரத' என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டார். 'ப்ரத' என்பது நம் விரதமேதான். கிராமத்துப் பெண்களும் சிறுமிகளும் விரத நாட்களில் தரையில் போடும் ஆல்பனாக்களை அதில் படங்களோடு தொகுத்தார். சாஸ்திரிகள் வந்து நடத்தும் விரதம் வேறு, பெண்கள் தாங்களே பாட்டும் கதையும் சித்திரமுமாக நடத்திக்கொள்ளும் விரதம் வேறு என்று பிரித்துக் காட்டினார். எது வேண்டுமோ அதைச் சிறுமிகள் தரையில் வரைகிறார்கள். ஒருத்திக்கு நகை, இன்னொருத்திக்கு நெற்குதிர். ஆசைப்படுவதை வரைவதே அங்கே பிரார்த்தனையாகிறது. நம் பாவை நோன்பும் காரடையான் நோன்பும் உடனே நினைவுக்கு வருகின்றன அல்லவா?

இந்த வரைகலை சாந்திநிகேதனுக்கும் போய்ச் சேர்ந்தது. அவனீந்திரநாத்தின் சீடர் நந்தலால் போஸ் அங்கே கலாபவனில் ஆசிரியராக இருந்தபோது ஆல்பனாவைப் பாடமாகவே வைத்தார். அவருடைய பெண் கௌரி பஞ்ஜா அதில் தேர்ச்சி பெற்றுப் பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

மரக்குச்சி உறவுகள்

அவனீந்திரநாத்தின் கடைசிக் காலம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வயதான பிறகு அவர் தூரிகையைப் பெரும்பாலும் கீழே வைத்துவிட்டார். தோட்டத்தில் விழுந்து கிடக்கும் சுள்ளி, வேர், பட்டை, உடைந்த மரத்துண்டு இவற்றைப் பொறுக்கி வந்து பொம்மைகள் செய்தார். அதிகம் செதுக்குவதில்லை. ஒரு வேரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதற்குள் ஒட்டகமோ கொக்கோ கிழவியோ தெரிந்தால், தேவையானதை மட்டும் வெட்டி நிறுத்திவிடுவார். இவற்றுக்கு 'குட்டும் காட்டாம்' என்று பெயர் வைத்தார். 'குட்டும்' என்றால் உறவுக்காரர், 'காட்டாம்' என்றால் கூடு, சட்டம். வங்காளக் குழந்தைகளுக்கு 'க்ஷீரேர் புதுல்' போன்ற கதைகளை எழுதியவரும் இவரே. ஊரே மதித்த ஓவியர், ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர், எழுபது வயதில் சுள்ளி பொறுக்குவதைக் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை. 1951ல் அவர் காலமானார்.

பழைய புடவையும் ஒரு மகளும்

அலிப்பூரிலிருந்து டயமண்ட் ஹார்பர் ரோடில் தெற்கே பெஹாலாவைத் தாண்டிப் போனால், ஜோகாவுக்கு அருகே குருசதய் மியூசியம் இருக்கிறது. 1882ல் சில்ஹெட்டில் பிறந்து ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத், ஜில்லா ஜில்லாவாகச் சென்ற இடங்களிலெல்லாம் பொம்மைகள், பட்டச் சித்திரங்கள், சந்தேஷ் அச்சுகள், காந்தாக்கள் ஆகியவற்றைச் சேகரித்தார். 1932ல் 'பிரதசாரி' என்ற இயக்கத்தைத் தொடங்கி, பாட்டும் நாட்டுப்புற நடனமும் உடலுழைப்பும் சேர்ந்த பயிற்சியை இளைஞர்களுக்குக் கொடுத்தார். 1941ல் அவர் மறைந்தார். அவருடைய சேகரிப்புக்காக ஏற்பட்டதே இந்த மியூசியம்.

காந்தா என்பது உடுத்தி நைந்த புடவைகளையும் வேஷ்டிகளையும் அடுக்கி ஓட்டுத் தையல் போடும் விரிப்பு. வண்ண நூலைக்கூடக் கடையில் வாங்குவதில்லை. பழைய புடவைக் கரையிலிருந்து இழை இழையாக உருவி எடுப்பார்கள். நைந்த துணி மெத்தென்று இருப்பதால் பிறந்த குழந்தையை அதில்தான் சுற்றுவார்கள். ஜமீன் வீட்டிலும் தைத்தார்கள், குடியானவர் வீட்டிலும் தைத்தார்கள். அந்த மியூசியத்தின் பிரசித்தமான காந்தா, மானதாசுந்தரி தாசி என்ற பெண் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் தகப்பனாருக்காகத் தைத்தது. தன் பெயரையும் தான் யாருக்காகத் தைக்கிறேன் என்பதையும் ஊசியாலேயே எழுதி வைத்திருக்கிறாள். கோலம் போட்ட எத்தனை பாட்டிமார்களின் பெயர் நமக்குத் தெரியும்? அவள் பெயர் மட்டும் துணியில் தங்கிவிட்டது. மேற்கு வங்காளத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ராஜாஜியும் கைத்தொழிலும்

அலிப்பூரின் பெரிய அடையாளம் பெல்வெடேர் மாளிகை. 1948ல் இம்பீரியல் லைப்ரரிக்குத் தேசிய நூலகம் என்று பெயர் மாறியது. அதற்கு இந்த மாளிகை கிடைத்தது. 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா ஆசாத் பொதுமக்களுக்காகத் திறந்து வைத்தார். சுதந்திரத்துக்குப் பின் முதல் நூலகராக இருந்தவர் பி.எஸ். கேசவன். சுதந்திர மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராக வந்து, 1948ல் கவர்னர் ஜெனரலானவர் நம் ராஜாஜி.

நூலகம் திறந்த அதே 1953ல், சென்னை ராஜ்ய முதல்வராக இருந்த ராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமப் பள்ளியில் தினம் மூன்று மணி நேரம் படிப்பு. மீதி நேரம் குழந்தை தன் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்கும். கையால் வேலை செய்து கற்பது என்ற எண்ணம் புதிதல்ல. 1937ல் வார்தாவில் காந்திஜி கூட்டிய மகாநாட்டில் பிறந்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை மையமாகக் கொண்டதுதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. காந்திஜியின் பள்ளியில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து ஒரே ராட்டையைச் சுற்றினார்கள். இந்தத் திட்டத்திலோ, வண்ணார் வீட்டுப் பிள்ளை துறைக்கும் குயவர் வீட்டுப் பிள்ளை சக்கரத்துக்கும் திரும்பிப் போக வேண்டும். 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்ப்பு கிளம்பியது. பெரியார் மட்டுமல்ல, காங்கிரஸ்காரர்களே எதிர்த்தார்கள். 1954ல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் முதல்வராகித் திட்டத்தைக் கைவிட்டார்.

நம் வீடுகளில் இன்றும் அந்தத் திட்டத்தை ஆதரித்துப் பேசுகிறவர்கள் உண்டு. ராஜாஜியின் எண்ணத்தில் தீங்கில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. கைத்தொழில் அவ்வளவு உயர்ந்தது என்றால், நம் பிள்ளைகளில் எத்தனை பேரைக் குயவரிடமோ தச்சரிடமோ அனுப்பினோம்? அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கைத்தொழில், நம் வீட்டுக் குழந்தைக்குக் கணக்கு என்றால் அது கைத்தொழிலுக்கு மரியாதை ஆகாது.

இதைப் பிறரைச் சொல்வதாக நினைக்க வேண்டாம், குற்றவாளி நானேதான். டாலி நாலாவைத் தாண்டினால் காளிகட். கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் பட்டுவாக்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, மில் காகிதத்தில் காளிகட் படங்கள் வரைந்து யாத்ரீகர்களுக்கு விற்றார்கள். மலிவான அச்சுப் படங்கள் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. அங்கே பட்டுவாபாடாவில் இப்போது களிமண் விக்ரகங்கள் செய்கிறார்கள். என் பையன் எட்டு வயதில் அங்கிருந்து ஒரு உருண்டை களிமண் வாங்கிவந்து, பால்கனியில் உட்கார்ந்து ஒரு முதலை செய்தான். வாலில் செதில் செதிலாகத் தீக்குச்சியால் கீறியிருந்தான். "இதெல்லாம் நமக்கு எதுக்குடா? போய்க் கணக்கைப் போடு" என்று சொல்லி அதைக் குப்பையில் போட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் களிமண்ணும் கேட்கவில்லை.

நம்மவர் ஒருவர்

அந்தச் சமயத்தில் கே.ஜி. சுப்ரமணியன் என்ற பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் என் கை தயங்கியிருக்கும். 1924ல் கேரளத்தில் கூத்துபறம்பில் ஒரு தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை பிரசிடென்சி காலேஜில் பொருளாதாரம் படித்தவர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். 1944ல் சாந்திநிகேதன் வந்து நந்தலால், வினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் ஆகியோரிடம் கற்றார். பிறகு பரோடாவில் ஆசிரியராக இருந்தபோது, அங்கே நடந்த கலைச் சந்தைகளுக்காக மரத்துண்டு, மணி, தோல் வார் இவற்றால் விளையாட்டுப் பொம்மைகள் செய்தார். குழந்தைகளுக்காகப் படக்கதைகளும் செய்தார். இடையில் கைத்தறி வாரியத்தில் நெசவாளர்களுக்காக உழைத்தார். 1980ல் சாந்திநிகேதனுக்கே திரும்பிவந்து கற்பித்தார். 2012ல் பத்மவிபூஷண் பெற்று, 2016ல் மறைந்தார். அவர் கையில் ஓவியமும் பொம்மையும் ஒன்றையொன்று தாழ்த்தவில்லை.

இந்த விடுமுறையில்

பேரனிடம் திரும்புகிறேன். அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் காம்பவுண்டில் விழுந்து கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கினேன். "இது என்ன மாதிரி இருக்கு சொல்லு" என்பதைத் தவிர வேறு எதுவும் நான் சொல்லவில்லை. முதல் நாள் எல்லாமே அவனுக்குத் துப்பாக்கியாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் ஒரு குச்சி ஆடானது. ஒரு வாரத்தில் ஜன்னல் ஓரம் ஒரு குடும்பமே நின்றது. பழைய பருத்திப் புடவை மூன்றை அடுக்கி ஒரு சின்ன விரிப்பும் தைக்க ஆரம்பித்தோம். அவன் தையல் கோணல்மாணல், பிரிக்காமல் விட்டேன். அவனை அழைத்துப்போக வந்த என் பையன், ஜன்னல் ஓரத்தில் இருந்ததில் ஒன்றை எடுத்துப் பார்த்து, "முதலையா?" என்றான். "பல்லிப்பா" என்றான் பேரன். எனக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது.

பல ஊர்களில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் நவராத்திரியில் கொலுவின் கீழ்ப்படி ஒன்றைக் குழந்தைகளுக்கு விட்டுவிடுங்கள். அவர்கள் கையால் செய்தது மட்டும் அங்கே இருக்கட்டும். போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம். அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும், வீட்டில் வேலை செய்கிறவர்களின் குழந்தைகளையும் அழைத்து ஒரே களிமண்ணில் சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க்காரர்கள் வீட்டில் கையால் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு அதையும் கற்றுக்கொள்ளுங்கள். முக்கியமாக, குழந்தை எதையாவது செய்து கொண்டுவந்து காட்டினால், அதைக் குப்பையில் போடாதீர்கள்.