சுமையும் சங்கமும்: பினாங்கில் பொருள் கொண்டுசேர்ப்போரின் அமைப்புரிமை வரலாறு

முன்னுரை

இணையத்தில் வாங்கிய பொருள் ஒன்று பினாங்குத் தீவில் ஒரு வீட்டு வாசலை அடையும் முன் பல கைகள் மாறுகிறது. பெருநிலத்துக் கிடங்கில் இறங்கி வகை பிரிக்கப்படுகிறது. பாலம் கடந்து தீவுக்கு வந்ததும் வட்டாரவாரியாக மீண்டும் பிரிக்கப்பட்டு, கடைசியில் ஒரு ரைடரின் மோட்டார் சைக்கிளில் ஏறுகிறது. கிடங்கில் நிற்பவர் மாதச் சம்பளக்காரராக இருக்கலாம். கடைசிக் கையான ரைடருக்கோ பல நிறுவனங்களில் பார்சலுக்கு இவ்வளவு என்ற கமிஷன்தான் வருமானம். பெட்ரோல், வண்டித் தவணை, டயர், மழைக்கோட்டு எல்லாம் அவர் பொறுப்பு.

இவர்களுக்குத் தொழிற்சங்கம் தேவையா, அமைந்தால் பயன் தருமா என்பது மலேசியாவில் சில ஆண்டுகளாக நடந்துவரும் விவாதம். கூலி உயருமா, நிறுவனம் தாங்குமா என்ற அளவிலேயே அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பினாங்கின் தொழிலாளர் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் வேறொரு கேள்வி முன்னுக்கு வருகிறது: வேலையைப் பங்கிடும் அதிகாரம் யார் கையில்? துறைமுகத்தில் வேலையாட்களைத் தேர்ந்தழைத்த தண்டலின் காலத்திலும் கைப்பேசிச் செயலியின் காலத்திலும் இந்த அதிகாரமே உழைப்பவரின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. சட்டம் பேச்சுவார்த்தை மேசையிலிருந்து விலக்கிவைத்ததும் இதைத்தான். சங்கத்தின் மதிப்பை இங்கேதான் அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

துறைமுகமும் தண்டலும்

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாக்கியபின், வரியில்லாத் துறைமுகமாக ஜார்ஜ்டவுன் வளர்ந்தது. பெரிய கப்பல்கள் நீண்டகாலம் கடலில் நங்கூரமிட்டே நின்றன. தொங்கான் எனப்படும் சரக்குப் படகுகளே அவற்றுக்கும் கரைக்கும் இடையே பொருளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தன. 1904-இல் ஸ்வெட்டன்ஹாம் துறைமேடை திறந்தபின்னும் தொங்கான்களுக்கு வேலை குறையவில்லை. வெல்ட் கடற்கரையின் குலப் படகுத்துறைகளில் குடியிருந்த சீனர்கள் படகோட்டினார்கள், சுமை தூக்கினார்கள். தமிழரும் தமிழ் முஸ்லிம்களும் கப்பலிலும் கரையிலும் மூட்டை சுமந்தார்கள். பினாங்கு வீதியின் செட்டியார் கிட்டங்கிகளும் மார்க்கெட் வீதியின் கடைகளும் இந்த உழைப்பின் மேல் நடந்தவை.

சரக்கு ஏற்றியிறக்கும் வேலை பெரிதும் ஒப்பந்தக்காரர் வழியே நடந்தது. ஒப்பந்தக்காரருக்கும் கூலிக்காரருக்கும் இடையே நின்றவர் தண்டல். இன்று யாருக்கு வேலை, யார் எந்தக் கப்பலில், யார் நாளை வரவேண்டாம் என்பதெல்லாம் அவர் சொல். கூலி எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். வேலை கிடைக்குமா என்பது அவர் வாய் திறக்கும்வரை தெரியாது. கூலி குறைவென்று முறையிட்டவரை அடிக்க வேண்டியதில்லை, திட்ட வேண்டியதில்லை. அடுத்த கப்பலுக்குக் கூப்பிடாமல் விட்டால் போதும். தோட்டத்துக் கங்காணி முறையின் நகரத்து வடிவம் இது.

1948: அறுந்த தொடர்ச்சி

ஜப்பானிய ஆதிக்கம் 1945-இல் முடிந்ததும் மலாயாவெங்கும் தொழிலாளர் திரண்டார்கள். அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் துறைமுகங்களிலும் தோட்டங்களிலும் வேலைநிறுத்தங்களைக் கிளப்பின. 1946-இல் உருவான அகில மலாயா பொதுத் தொழிலாளர் சங்கம், பின்னர் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனமாயிற்று. இன வேறுபாடின்றியும் தொழில் வேறுபாடின்றியும் உழைப்பவரை ஒரே குடையின்கீழ் கொண்டுவர முயன்றது அதன் தனித்தன்மை. அதன் தலைவராக இருந்தவர் தமிழரான எஸ். ஏ. கணபதி.

காலனி அரசு இதைப் பொறுக்கவில்லை. 1948-இல் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாகலாம் என்று வரம்பு கட்டியது. நிர்வாகிகள் அந்தத் தொழிலில் 3 ஆண்டுகள் வேலைசெய்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் சம்மேளனத்தின் பதிவு ரத்தானது, அவசரகாலமும் தொடங்கியது. கணபதி 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தோழர் பி. வீரசேனன் அதற்கு முந்தைய நாள் சுட்டுக்கொல்லப்பட்டார்.

உயிரிழப்பைப் போலவே சட்டத்தின் விளைவும் நீண்டது. 'ஒரு தொழிலுக்கு ஒரு சங்கம்' என்ற வரம்பு 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திலும் நிலைபெற்றது. எந்தத் தொழில் எதைப் போன்றது என்று சொல்லும் அதிகாரம் தொழிற்சங்கப் பதிவாளருக்குச் சென்றது. 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் அடுத்த வேலியைப் போட்டது. பணியமர்த்தல், பதவி உயர்வு, இடமாற்றம், பணிநீக்கம், வேலையைப் பங்கிடுதல் ஆகியவை கூட்டுப்பேரக் கோரிக்கையில் இடம்பெறக்கூடாது என்றது அதன் 13-ஆவது பிரிவு. தண்டலின் பழைய அதிகாரத்தை அது ஒழிக்கவில்லை. நிர்வாகத்தின் தனியுரிமை என்ற பெயரில் அதற்குச் சட்டக் காப்பு அளித்தது.

அஞ்சல்காரரும் ஆலைத் தொழிலாளியும்

பொருள் கொண்டுசேர்ப்போரில் சங்கத்தின் பயனை முதலில் நிலையாகக் கண்டவர்கள் அஞ்சல்காரர்கள். 1952 மே மாதம் சிங்கப்பூரில் சீருடை அஞ்சல் ஊழியர் ஏறத்தாழ 500 பேர் ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குச் சட்ட ஆலோசகராக இருந்த இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. இரண்டு வாரங்களுக்குள் பேச்சுவார்த்தை தொடங்கி, ஊதிய அளவு உயர்ந்தது. ஊர் மக்களின் ஆதரவு அஞ்சல்காரர் பக்கம் நின்றது. தினமும் வாசலுக்கு வருபவரின் முறையீட்டை வீட்டுக்காரர் காதுகொடுத்துக் கேட்டார்.

மலேசியாவில் அஞ்சல் துறை 1992-இல் போஸ் மலேசியா நிறுவனமானது. அரசு ஊழியராக இருந்து பெற்ற சம்பளப் படிநிலை, விடுப்பு, மருத்துவ வசதி போன்றவற்றைக் காத்துக்கொள்ள அங்கே சங்கம் இருந்தது. அதே தெருவில் அதேபோன்ற பெட்டியைச் சுமந்துவந்த தனியார் கூரியர் ரைடருக்கு அது இல்லை.

சரக்கு லாரி, பேருந்து ஓட்டுநர்களின் குரலாக நின்றவர் வி. டேவிட். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளர், மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுச் செயலாளர் ஆகிய பொறுப்புகளை வகித்த அவர், 1969 தேர்தலில் ஜார்ஜ்டவுனின் டத்தோ கிராமாட் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1987-இல் ஒப்பராசி லாலாங் என்ற பெருங்கைது நடவடிக்கையில் அவரும் சிறைப்பட்டார்.

வகைப்பாட்டைக் கொண்டே சங்கத்தைத் தடுக்க முடியும் என்பதற்குப் பினாங்கிலேயே தெளிவான சான்று உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வலயம் தொடங்கியது. அங்கு மின்னணு ஆலைகளில் சேர்ந்த ஆயிரக்கணக்கான பெண்களை மின்சாரத் தொழில் ஊழியர் சங்கம் உறுப்பினராக்க முயன்றது. மின்சாரமும் மின்னணுவும் ஒரே வகைத் தொழில் அல்ல என்று பதிவாளர் மறுத்தார். 1988-இல் ஆலைக்குள் மட்டும் இயங்கும் உட்சங்கங்களுக்கே இடம் கிடைத்தது. அதற்குமேல் வட்டாரச் சங்கம் அமைய மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

கூரியர் பெருக்கம்

இணைய வணிகம் பெருகியபோது கூரியர் தொழிலில் நூற்றுக்கும் மேற்பட்ட உரிமதாரர்கள் நுழைந்தார்கள். கட்டணத்தை ஒருவர் குறைக்க மற்றவரும் குறைத்தார். நெருக்கடி முற்றியதால் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2020-இல் புதிய உரிமங்களை நிறுத்திவைத்தது. பார்சல் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலும், கட்டணப் போரின் சுமை கடைசிக் கையின்மேல் இறங்கியது.

2021 பிப்ரவரியில் பேராக்கில் ஒரு கூரியர் கிடங்கில் ஊழியர்கள் பார்சல்களைத் தூக்கியெறியும் காணொலி பரவியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஊக்கத்தொகை பற்றிய மனக்கசப்பே காரணம் என்று தெரியவந்தது. பொருளுக்குரியவர்களின் கோபம் நியாயமானது. அந்த மனக்கசப்பைப் பேசித் தீர்க்க ஒரு மேசை இருந்திருந்தால் பெட்டிகள் பறந்திருக்குமா என்ற கேள்வியும் அதே அளவு நியாயமானது. 2022 ஆகஸ்டில் உணவு கொண்டுசேர்க்கும் ரைடர்கள் சமூக ஊடக அழைப்பின்பேரில் சில நாட்கள் செயலியை அணைத்து எதிர்ப்புக் காட்டினார்கள். நாடு முழுதும் செய்தியானது. ஆனால் நிறுவனத்தின் எதிரே உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் சட்டத் தகுதி அவர்கள் சார்பில் யாருக்கும் இல்லை.

விவாதத்தின் இரு பக்கங்கள்

சங்கம் வேண்டாம் என்பவர்கள் மூன்று வாதங்களை வைக்கிறார்கள். ரைடர் விரும்பிய நேரத்தில் வேலைசெய்யும் சுதந்திரத்தை இழப்பார் என்பது முதலாவது. குறைந்த இலாபத்தில் இயங்கும் நிறுவனம் கூடுதல் செலவைத் தாங்காது என்பது இரண்டாவது. சங்கம் உள்ள போஸ் மலேசியாவே ஆண்டுக்கணக்கில் நட்டம் காண்கிறதே என்பது மூன்றாவது.

முதல் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மதியம் இரண்டு மணிநேரம் ஓடி, மாலையில் வேறு வேலைக்குப் போகும் ஒருவருக்கு அந்த நெகிழ்வு உண்மையிலேயே பெரிது. ஆனால் நெகிழ்வும் சங்கமும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. எந்த ரைடருக்கு எந்த வட்டாரம், எத்தனை பார்சல், எந்தக் காரணத்தால் கணக்கு முடக்கம் என்பவற்றைச் செயலி தீர்மானிக்கும்போது, அந்தச் சுதந்திரத்தின் எல்லையை வகுப்பவர் ரைடர் அல்லவே.

இரண்டாம் வாதத்துக்கு விடை தொழிலின் அமைப்பில் இருக்கிறது. ஒரே ஒரு நிறுவனத்தில் சங்கம் அமைந்தால் அதன் போட்டியாளருக்கு ஆதாயம் என்பது சரிதான். அதனால்தான் தொழில் முழுதும் பரவிய பேரம் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் யுபிஎஸ் நிறுவனத்தின் 1,85,000 ஊழியர்கள் 1997-இல் 15 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, 10,000 முழுநேர வேலைகளைப் பெற்றார்கள். நாடு முழுதும் ஒரே ஒப்பந்தம் என்ற ஏற்பாடே அந்த வலுவுக்கு அடிப்படை. மூன்றாம் வாதத்தைப் பொறுத்தவரை, கடிதம் குறைந்துபோனதும் பார்சல் சந்தையின் கட்டணப் போரும் போஸ் மலேசியாவின் நட்டத்துக்குப் பெருங்காரணங்கள். சங்கமில்லாத கூரியர் நிறுவனங்களும் அதே போரில் தடுமாறின.

சங்கத்தை ஆதரிப்போர் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மையும் உண்டு. மலேசியத் தொழிலாளரில் சங்கத்தில் இருப்போர் ஏறத்தாழ 6 விழுக்காடுதான். உறுப்பினரைத் தேடிச் செல்லாத சங்கம், பெயர்ப்பலகையோடு நின்றுவிடும்.

புதிய சட்டங்களும் எஞ்சிய இடைவெளியும்

ரைடர் தொழிலாளியா, ஒப்பந்தக்காரரா என்பதே இன்றைய வகைப்பாட்டுச் சிக்கல். இ-ஹெய்லிங் ஓட்டுநர் ஒருவர் தொடுத்த வழக்கில், அவர் தொழிலுறவுச் சட்டம் கூறும் தொழிலாளி அல்ல என்ற நிலைப்பாட்டையே மலேசிய நீதிமன்றங்கள் ஏற்றன. பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் 2023 நவம்பரில் டெலிவரூ ரைடர்களுக்குக் கூட்டுப்பேர உரிமையை மறுத்தது.

ஆயினும் வேலிகள் தளர்கின்றன. 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம், சில நிபந்தனைகள் இருந்தால் ஒருவரை ஊழியராகவே கருத வேண்டும் என்கிறது. 2024 செப்டம்பர் 15-இல் நடப்புக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம், தொழில்வாரி வரம்பை நீக்கியது. 1948-இல் போட்ட முடிச்சு 76 ஆண்டுகளுக்குப் பின் அவிழ்ந்தது. 2025 ஆகஸ்ட் 28-இல் மக்களவை கிக் தொழிலாளர் (பணிக்குப் பணி கூலி பெறுவோர்) மசோதாவை நிறைவேற்றியது. அதைக் கொண்டுவந்த அப்போதைய மனிதவள அமைச்சர் ஸ்டீவன் சிம், பினாங்கின் புக்கிட் மெர்தாஜாம் தொகுதி உறுப்பினர். சேவை ஒப்பந்தம், நடுவர் மன்றம், முத்தரப்பு ஆலோசனை மன்றம், விபத்துக் காப்பு ஆகியவற்றுக்கு அது வழிசெய்கிறது. பக்கத்து நாடான சிங்கப்பூர் 2025 ஜனவரி 1 முதல் தளத் தொழிலாளர் தங்களுக்கென அமைப்பு நிறுவவும் பேரம் பேசவும் சட்டவழி தந்துள்ளது. தமிழ்நாடு 2023-இல் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது.

நலவாரியமும் காப்பீடும் நடுவர் மன்றமும் விபத்துக்கும் பிணக்குக்கும் பிறகு உதவுபவை. வேலை பங்கிடப்படும் முன்பே விதியைப் பேசித் தீர்க்க, ரைடர்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வேண்டும். ஆலோசனை மன்றத்தில் ரைடர் சார்பில் யாரை அமரவைப்பது என்ற கேள்வியும் அமைப்பு இல்லாமல் தீராது.

முடிவுரை

பினாங்கின் வரலாறு மூன்று பாடங்களைத் தருகிறது. முதலாவது, கூலியைவிட ஆழமான அதிகாரம் வேலையைப் பங்கிடும் அதிகாரம். இரண்டாவது, வகைப்பாடு வெறும் சொல்லாக்கம் அல்ல. 1948-இலும் பாயான் லெப்பாசிலும் இன்றைய நீதிமன்றங்களிலும் சங்கத்தின் வாசல் அதனால்தான் அடைபட்டது. மூன்றாவது, அஞ்சல்காரர் வென்றதும் ரைடர் தவித்ததும் உழைப்பின் தன்மையால் அல்ல. பேசுவதற்கு ஓர் அமைப்பு இருந்ததாலும் இல்லாததாலும்.

எனவே 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவை மறுபரிசீலனை செய்வது அடுத்த படி. பார்சல் ஒதுக்கீட்டின் விதிமுறை, கணக்கு முடக்கத்துக்கான காரணம், கமிஷன் மாற்றத்துக்கு முன்னறிவிப்பு ஆகிய மூன்றும் கூட்டுப்பேரத்துக்கு உரியவையாக வேண்டும். கூரியர், உணவு, சரக்கு என்று பிரியாமல் பினாங்கு ரைடர்கள் ஒரே சங்கமாகப் பதிவுசெய்ய முனைவதற்கு இதுவே தக்க காலம். தொழில்வாரி வேலி விலகியிருக்கும் இந்த ஆண்டுகளை நழுவவிட்டால், செயலி வகுக்கும் விதியே வழக்கமாகி, பிறகு அதுவே சட்டமாகவும் இறுகிவிடும்.