ஒற்றைத் தலைவலியும் ஊசி முனையும்

அண்ணலெம்பெருமானார் (ஸல்) அவர்கள் இஹ்ராம் நிலையில் இருந்தபோது ஒற்றைத் தலைவலி காரணமாகத் தலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அவ்வலிக்கு அங்கே ‘ஷகீக்கா’ என்று பெயர். பிளவு, பாதி என்னும் பொருள் தொனிக்கும் சொல் அது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலி தாளாமல் வாய்விட்டுப் புலம்பியபோது, தம் தலையும் வலிப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதையும் அந்நூலிலேயே காண்கிறோம். தலைவலி என்று படுத்துவிட்ட பெண்ணை, வேலைக்கு அஞ்சிச் சாக்குச் சொல்கிறாள் என்று ஏசும் நம் வீட்டார் இவ்விரு செய்திகளையும் அறிந்திருத்தல் நலம்.

இப்னு சீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ நூலின் மூன்றாம் பாகத்தைத் தலை நோய்களிலிருந்தே தொடங்குகிறார். அவருக்கு மூத்தவரான அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, ஸ்பெயினில் குர்துபா நகருக்கு அருகில் வாழ்ந்தவர். அவருடைய ‘அத்தஸ்ரீஃப்’ முப்பது பகுதிகள் கொண்டது. கடைசிப் பகுதி அறுவை மருத்துவம். நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு மற்ற மருந்துகள் பலிக்காதபோது, நெற்றிப்பொட்டில் தோலைக் கீறி, உரித்த பூண்டுப் பல்லை உள்ளே வைத்துக் கட்டும் முறையை அதில் அவர் விவரிக்கிறார். அதுவும் பயன்படாவிடில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு! படிக்கும்போதே நமக்கு உடல் கூசுகிறது. ஆனால் அதற்கும் இசைந்து தலையைக் கொடுத்த நோயாளியின் வேதனை எத்தகையதாயிருந்திருக்கும் என்பதே எண்ணிப் பார்க்கத் தக்கது.

வலிக்கும் இடத்திற்கே மருந்தைக் கொண்டுசெல்ல வேண்டும் என்னும் அந்த வேட்கை, எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ஊசியாக வடிவெடுத்தது. இன்று எல்லா நோய்க்கும் போடப்படும் ஊசி, முகவலிக்கும் கழுத்துவலிக்கும் மருந்து தேடியபோது பிறந்தது என்பதைப் பலர் அறியார். 1844ஆம் ஆண்டு டப்ளின் நகரில் ஃபிரான்சிஸ் ரிண்ட் என்னும் மருத்துவர், முகத்தில் தீராத நரம்புவலி கொண்ட ஒரு பெண்ணின் தோலுக்கடியில் சிறு குழாயின் வழியே மார்ஃபின் கரைசலைக் கசியவிட்டார். 1853இல் எடின்பரோவில் அலெக்சாந்தர் உட், கழுத்திலும் தோளிலும் நரம்புவலியால் உறக்கமிழந்திருந்த ஒரு மூதாட்டிக்கு ஊசிக்குழலால் மருந்தைச் செலுத்தினார். மார்ஃபினை அவர் கரைத்தது ஷெர்ரி என்னும் மதுவில்! அம்மூதாட்டி அயர்ந்து உறங்கினார்.

வலியுள்ள இடத்தில் குத்தியதால்தான் குணம் கிடைத்தது என்று உட் கருதினார். வேறோரிடத்தில் குத்தினாலும் அதே பலன் உண்டு, மருந்து இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது என்பதை 1858இல் லண்டனில் சார்ல்ஸ் ஹண்டர் எடுத்துக்காட்டினார். ஊசி வழியே சென்றால் அபின் சரக்குப் பழக்கமாகாது என்று அந்நாளில் மருத்துவர் சிலர் நம்பியது பெரும் பிழையாயிற்று. வலிக்காகத் தொடங்கியவர் பலர், வலி நின்ற பின்னும் ஊசியை விடமுடியாமல் சீரழிந்தனர்.

பின்னர், ஓரிடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் வந்தன. 1884இல் கார்ல் கோலர் கொக்கெய்னால் கண்ணை மரக்கச் செய்தார். 1943இல் லிடோகெய்ன் உருவாயிற்று. இன்று பிடரியில் மண்டையோட்டின் அடியை ஒட்டி ஓடும் நரம்பருகே, சிலருக்கு இம்மருந்தைத் தனித்தோ ஸ்டீராய்டு கலந்தோ செலுத்துகிறார்கள். சிலருக்குச் சில வாரங்கள் நிம்மதி. சிலருக்குச் சில மணி நேரமே. பிடரியிலும் கழுத்தின் இரு பக்கங்களிலும் இரத்தம் குத்தி எடுப்பது தலைவலிக்கு நல்லதென்று பண்டைய ஹகீம்கள் கருதியதை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. முறை வேறு, காரணம் வேறு. இடம் மட்டும் அதேதான்.

கெட்டுப்போன இறைச்சியில் உண்டாகும் பொட்டுலினம் என்னும் கொடிய நஞ்சும் மருந்தாயிற்று. ஜெர்மானிய மருத்துவர் யுஸ்டினஸ் கெர்னர், இது ஒருநாள் மருந்தாகக் கூடும் என்று 1820களிலேயே கருதினார். மாதத்தில் 15 நாட்களுக்குக் குறையாமல் தலைவலிக்கும் நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு அமெரிக்க அரசு 2010இல் இதனை அனுமதித்தது. நெற்றி, பொட்டு, பிடரி, கழுத்து, தோள் ஆகியவற்றில் 31 இடங்களில் சிறுசிறு ஊசிகள். 12 வாரங்களுக்கு ஒருமுறை மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடியோடு தீர்ந்துவிடும் என்று எண்ணிச் செல்பவர் ஏமாறுவார். ஆகவேதான் வலித்த நாட்களை நாட்காட்டியில் குறித்து வரச் சொல்கிறார்கள். இருபது நாள் வலித்த மாதம் பத்து நாளாகக் குறைந்தாலே அதை நல்ல பயன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். மிச்சமுள்ள பத்து நாட்களில், இருண்ட அறையில் படுத்திருப்பவரின் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வீட்டிலிருப்பவர்கள்தாம்.