நிரைப்பலகை

என் தங்கை மகள் விடுமுறைக்குத் தக்கலைக்கு வந்திருந்தாள். ஒரு நாள் இரவு பதினொரு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவன், கூடத்தில் இன்னும் வெளிச்சம் இருப்பதைப் பார்த்து, "என்னம்மா, இன்னும் உறங்கலியா?" என்று கேட்டேன்.

"கடையில வேலை மாமா. ராத்திரி ஷிப்ட்டு" என்றாள் அவள், தலையைத் திருப்பாமலே.

கையில் மடிக்கணினி. அதில் ஒரு விளையாட்டு. 'இன்கொன்பினி' என்று பெயராம். 1990களின் தொடக்கத்தில் ஜப்பான் தேசத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் கடையை, விடுமுறைக்கு வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை, ஜெயிப்பதும் தோற்பதும் இல்லை. பாட்டில்களின் முகப்பு வெளியே தெரியும்படி திருப்பி வைக்க வேண்டும். தீர்ந்த சரக்கை நிரப்ப வேண்டும். வருகிறவர்களோடு நாலு வார்த்தை பேசி, அவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். இவ்வளவுதான். மனசுக்கு இதமாக இருக்கிறது என்றாள். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

"அது சரி, கடையை எப்பப் பூட்டணும்?" என்று கேட்டேன்.

"பூட்டவே மாட்டாங்க மாமா. எதுக்குப் பூட்டணும்?"

அந்தப் பெண் ஜப்பானில் சோப்பு அடுக்கிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், நான் தக்கலைச் சந்தைக்குப் பக்கத்தில் என் பெரிய மாமாவின் பலசரக்குக் கடையில் உப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகும், விடுமுறை நாட்களில் முழுப் பொழுதும் வேலை. அந்தக் கடைக்கு இரும்புச் சுருள்கதவு கிடையாது. நிரைப்பலகைதான். நமது பக்கத்துப் பழைய கடைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பார்க்காதவர்களுக்குச் சொல்லுகிறேன். வாசலின் மேல் விட்டத்திலும் கீழ்ப்படியிலும் ஒரு பள்ளம் ஓடும். ஆள் உயரப் பலகைகளை ஒவ்வொன்றாக அந்தப் பள்ளத்தில் செருகித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் ஓர் எண். எங்கள் கடையில் பதினாலு. வரிசை தப்பினால் கடைசிப் பலகை உட்காராது. ஏழாம் பலகை மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு படுத்தும் பாட்டை இங்கே எழுதினால் கட்டுரை முடியாது.

பூட்டுவதற்கு இத்தனை பாடுபட்ட எனக்கு, பூட்டாத கடை எங்கிருந்து வந்தது என்று அறிந்துகொள்ள ஆசை பிறந்ததில் வியப்பில்லை.

அது ஜப்பானில் பிறந்தது அல்ல. அமெரிக்காவில், டெக்ஸஸ் மாகாணத்தின் டல்லாஸ் நகரத்தில், 1927-ல், பனிக்கட்டி விற்கிற ஓரிடத்தில் பிறந்தது. வீட்டில் குளிர்ப்பெட்டி வராத காலம் அது. பனிக்கட்டியை வாங்கிக்கொண்டுபோய் மரப்பெட்டியில் வைத்துத்தான் சாமான்களைக் காக்க வேண்டும். பனிக்கட்டி உருகுவதற்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா, இரவு உண்டா? ஆகவே அந்த இடம் மற்றக் கடைகள் மூடிய பிறகும் திறந்திருந்தது. சௌத்லாண்டு ஐஸ் கம்பெனியின் அந்தக் கிளையில் இருந்தவர், கட்டியோடு பாலும் ரொட்டியும் முட்டையும் வைத்து விற்கத் தொடங்கினார். வியாபாரம் பிடித்துக்கொண்டது. 1946-ல் காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை திறந்திருக்கும் கடை என்று பொருள்பட 'செவன் லெவன்' என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே பூட்டும் நேரம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில், ஆஸ்டின் நகரத்துச் சர்வகலாசாலைக்கு அருகே இருந்த கடை, கால்பந்து ஆட்டம் பார்த்துத் திரும்பிய மாணவர் கூட்டத்துக்காக விடிய விடியத் திறந்திருந்தது. அதற்குப் பிறகு பெயர் வெறும் பெயராகிவிட்டது.

ஜப்பானுக்கு வந்த கதைதான் இன்னும் ருசியானது. 1973-ல் அந்தச் சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. பெரிய பெரிய கடைகள் முளைத்துத் தெருவோரச் சிறு வியாபாரிகளின் பிழைப்பைக் கெடுக்கின்றன. ஆகவே பெரிய கடை திறக்க நினைப்பவர் அவ்வூர் வியாபாரிகளின் அபிப்பிராயத்துக்குத் தலை வணங்கித்தான் திறக்க வேண்டும் என்கிற மாதிரியான சட்டம். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். பெரிய அங்காடிகள் நடத்திவந்த இட்டோ யோக்கடோ என்ற ஸ்தாபனத்தில் டோஷிஃபுமி சுசுகி என்று ஒருவர் இருந்தார். பெரிய கடை திறக்க முடியாவிட்டால் சிறிய கடைகளையே நம் கடையாக்கிவிடலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. அமெரிக்கக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1974 மே மாதம் டோக்கியோவின் டோயோசு பகுதியில், மதுபானம் விற்றுவந்த ஒரு குடும்பக் கடையை மாற்றி முதல் கடையைத் திறந்தார். முதல் கிராக்கி வாங்கியது 800 யென் விலையுள்ள கறுப்புக் கண்ணாடி என்று அந்தக் கம்பெனியார் சொல்லுவார்கள். மழை நாளாம் அன்று! மறு வருஷமே, ஃபுகுஷிமா மாகாணத்துக் கோரியாமாவில் இருபத்துநாலு மணி நேரக் கடை வந்துவிட்டது.

சிறு கடைக்காரனைக் காப்பாற்ற வந்த சட்டம், அவனைக் கம்பெனியின் பெயர்ப்பலகைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தியது. கடை அவனுடையதுதான், நஷ்டமும் அவனுடையதுதான். எந்தச் சரக்கு, எத்தனை மணி, எந்த வரிசை என்பது மட்டும் மேலிடத்து உத்தரவு. ஆனால் சாமர்த்தியத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 1978-ல் சோற்று உருண்டை விற்றார்கள். சுற்றியிருக்கும் கடற்பாசித் தாள் நமுத்துப்போகாமல் இருக்க இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய உறை. 1987 முதல் மின்சாரக் கட்டணத்தையும் கடையிலேயே கட்டலாம் என்றாயிற்று. 1991-ல் அமெரிக்கத் தாய்க் கம்பெனி கடனில் மூழ்கியபோது, ஜப்பானியப் பிள்ளைதான் அதை வாங்கிக் கரையேற்றியது. இன்று அந்தத் தேசத்தில் எல்லாக் கம்பெனிகளுடையதுமாகச் சுமார் 55,000 கொன்பினிகள் இருக்கின்றன.

நம்முடைய கடைகளின் சரித்திரத்துக்கு இப்படி ஒரு பிறந்த தேதி கிடையாது. பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த நாளிலிருந்து தக்கலைக்கு வியாபாரம் உண்டு. அரண்மனை இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ராஜா திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டார், சந்தை போகவில்லை. என் பாட்டி கடைசி வரையில் சக்கரத்தில்தான் கணக்குச் சொல்லுவாள். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம். ஆரல்வாய்மொழிக்கு அப்பாலிருந்து வருகிற வெள்ளைக்காரன் ரூபாய்க்கோ 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரத்தில் பிழை வராமல் கணக்குப் பண்ணத் தெரிந்தவன்தான் அந்நாளில் கடைப் பையன். 1957-ல் நயா பைசா வந்தது; அதைத் தொடர்ந்து கிலோ வந்தது. பாட்டி இரண்டையும் மன்னிக்கவில்லை.

இந்தத் தென்கோடியிலிருந்தும் திருநெல்வேலி, இராமநாதபுரம் கரிசல் காட்டிலிருந்தும் எத்தனை ஆயிரம் பையன்கள் கடைகளுக்குப் போயிருப்பார்கள்! சென்னையில் 'அண்ணாச்சி கடை' என்று சொன்னாலே போதும். பையன் கடையிலேயே வேலை செய்து, கடையிலேயே சாப்பிட்டு, கடையிலேயே படுப்பான். தொழில் பழகியதும் சொந்தமாக ஒரு கடை வைப்பான். அவனிடம் ஊரிலிருந்து வேறு பையன் வருவான். நாடார் வியாபாரிகள் தங்களுக்குள் மகமை வசூலித்துப் பேட்டைகளும் பள்ளிக்கூடங்களும் கட்டினார்கள். 1921-ல் தூத்துக்குடியில் ஒரு வங்கியே தொடங்கினார்கள். அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அகஸ்தீஸ்வரத்திலிருந்து போய் விற்பனையாளராக நின்ற வசந்தகுமார் 1978-ல் தியாகராய நகரில் சொந்தக் கடை திறந்தது பலரும் அறிந்த கதை. அறியாத கதைகள்தான் அதிகம். நின்றவர்களெல்லாம் முதலாளி ஆகிவிடவில்லை.

'நின்றவர்கள்' என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். எங்கள் கடையில் ஒரே ஒரு முக்காலி. அது கல்லாவுக்குப் பின்னால், மாமாவுக்கு. நான் ஒரு நாள் அரிசி மூட்டையின் மேல் சற்றே சாய்ந்தேன். "லே, கடைப் பையன் இருந்தா லெச்சுமி எந்திரிச்சுப் போயிருவா" என்றார் மாமா. அவர் கொடுமைக்காரர் அல்ல. மத்தியானம் தம்முடைய சாப்பாட்டிலிருந்து மீன் துண்டை என் இலைக்குத் தள்ளுகிறவர்தான். ஆனால் பையன் உட்காரலாம் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் நின்ற பையன். இரவு வீட்டுக்குப் போய்க் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பேன். அம்மா தேங்காய் எண்ணெய் காய்ச்சித் தடவுவாள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1947-ல் சென்னை ராஜ்யத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி வேலை, வாரத்துக்கு 48 மணி. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. பதினாலு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிற்பாடு எங்களுக்கும் அதுதான் சட்டம். மாமாவின் கடையில் அந்தச் சட்டம் நுழைந்ததாக எனக்கு நினைவில்லை. மருமகன் கடைக்கு வந்தால் அதை வேலை என்று யார் சொல்லுவார்கள்?

உட்காருகிற உரிமைக்கு இன்னும் எழுபது வருஷம் ஆயிற்று. கோழிக்கோட்டுத் துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்ற பெண்கள் போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடு திருத்தியது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று இப்போது எழுதி வைத்திருக்கிறது. அந்தத் திருத்தத்தைப் பத்திரிகையில் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2019-ல், பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் கடைகள் வருஷம் முழுதும் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று நமது சர்க்கார் அனுமதி கொடுத்திருந்தது. அதே 2021-ன் அக்டோபரில் செவன் லெவன் கம்பெனியும் பம்பாய் அந்தேரியில் வந்து இறங்கியது.

பழைய தக்கலையில் கடைகள் விடிய விடியத் திறந்திருந்ததே இல்லையா என்றால், இருந்தது. மகா சிவராத்திரியில் சிவாலய ஓட்டம். பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு 'கோவிந்தா, கோபாலா' என்று கூவிக்கொண்டு ஓடுகிறவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் ஓடுவார்கள். சிவனைப் பார்க்க விஷ்ணுவின் பெயரைச் சொல்லி ஓடுவது எங்கள் ஊர் வழக்கம். இன்னோர் இரவு, பீர் முகமது அப்பாவின் ஆண்டு விழா. அவர் பாடிய ஞானப் புகழ்ச்சியை விடிய விடிய ஓதுவார்கள். இந்த இரண்டு இரவுகளிலும் நிரைப்பலகைகள் சுவரோரமாகச் சாய்ந்து கிடக்கும். மாமா சுக்குநீர்ப் பானையை வாசலில் வைத்து, காசு வாங்காமல் மொண்டு கொடுப்பார். வருஷத்தில் இரண்டு இரவு.

மற்ற இரவுகளில் தட்ட வேண்டும். வீட்டின் முன்பகுதிதானே கடை! ஒரு நாள் அங்கேயே படுத்திருந்தேன். இரண்டு மணிக்குத் தட்டுகிற சத்தம். "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று மெதுவாக ஒரு குரல். மாமா விளக்கைப் போட்டு, பதினாலாம் பலகையை மட்டும் கழற்றினார். மேலத்தெருவில் ஒரு வீட்டில் அம்மா இறந்துவிட்டாள். கற்பூரம், ஊதுபத்தி, நல்லெண்ணெய், விடிந்தால் வருகிறவர்களுக்குக் காப்பித்தூள், கருப்பட்டி. நான் தூக்கக் கலக்கத்தில் பற்று நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். மாமா அதைக் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தார். "சாவு வீட்டுக் கணக்கு இன்னைக்கு எழுதப்பிடாது" என்றார். பதினாறு கழிந்து அந்த மகனே வந்து, இன்ன இன்ன சாமான் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான்.

பூட்டிய கடையைத் திறப்பதும், பூட்டாமலே இருப்பதும் ஒன்றா என்று நான் யோசித்ததுண்டு. 2019-ல் ஜப்பானில் ஒசாகாவை அடுத்த ஓர் ஊரில், ஒரு கொன்பினிக்காரர் இரவு 1 மணி முதல் காலை 6 மணி வரை கடையை மூடத் தொடங்கினார். மனைவி முந்தின வருஷம் இறந்துபோயிருந்தாள். இரவு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. தாமே பகலும் இரவும் நின்று ஓய்ந்துவிட்டார். ஒப்பந்தத்தை மீறினால் சுமார் 1 கோடியே 70 லட்சம் யென் அபராதம் என்று கம்பெனி சொல்லிற்று. தேசம் முழுதும் பேச்சாகிவிட்டது. பிற கடைக்காரர்களும் வாயைத் திறந்தார்கள். மறு வருஷம் அந்நாட்டின் வியாபார நியாய ஆணையமே, மூட விரும்புகிறவரைத் தடுப்பது சட்ட விரோதமாகலாம் என்று எச்சரித்தது. அதன்பின் நேரத்தைக் குறைத்துக்கொள்ளச் சில கடைகளுக்கு வழி பிறந்தது. அவருக்கு மட்டும் பிறக்கவில்லை. 2019 கடைசியிலேயே, கிராக்கிகளிடம் நடந்துகொண்ட விதத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். அவர் வழக்காடினார். 2022-ல் ஒசாகா நீதிமன்றம் கம்பெனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இதை மறுநாள் காலையில் தங்கை மகளிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இந்த விளையாட்டுல கால் வலிக்காது மாமா" என்றாள்.

"அதனாலதானே மக்ளே விளையாட்டு" என்றேன்.

மாமா காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்கள்; இரும்புச் சுருள்கதவு, ஒரே இழுப்பில் மூடிவிடுகிறது. பலகைகளை அத்தை விற்கவில்லை. வீட்டின் பின்புறம் விறகுச் சாய்ப்பில் கிடந்தன. அன்று மாலை தங்கை மகளும் நானும் போய் அவற்றை வெளியே எடுத்துப்போட்டு, தூசி தட்டி, எண்களைத் தேடிப் பார்த்தோம். பதின்மூன்று இருந்தன. ஏழாம் பலகையில் அத்தை வற்றல் காயப் போட்டிருந்தாள்.