தோலும் நரம்பும்

நாதமே இறைவன் என்பது நம்மவர் நெடுங்காலக் கொள்கை. அந்த நாதத்துக்குத் தோலும் நரம்பும் தந்தவர் யார்? 12ஆம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் சொல்லியிருக்கிறார். கோயிற் பேரிகைக்குப் போர்வைத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தவர் நந்தனார். அளித்தவரோ வாயிலுக்குப் புறம்பே நின்று ஆடிப் பாடினார்!

திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு இன்னும் நுட்பமானது. மதுரையில் இறைவன் தொண்டர் கனவில் தோன்றி, வெளியே நின்று வாசித்த அவரை உள்ளே அழைப்பிக்கிறான். தரையின் ஈரத்தால் யாழின் கட்டுத் தளருமென்று பலகையும் இடுவிக்கிறான். கருவிக்கு எத்துணைப் பரிவு! திருவாரூரிலோ பாணருக்கென வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்படுகிறது. அருள்தான், ஆயினும் பொதுவாயில் அன்று.

ஈழத்திலும் 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்கள் கேட்டது வடதிசை வாயிலை அன்று. எல்லோரும் நுழையும் வாயிலையே.