கழுத்தின் பருமன்: கலமசூவின் போர்க்கால ஆர்ச்டாப் கிட்டார் குறித்த ஒரு மறுவாசிப்பு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் கிப்சன் நிறுவனம் செய்த, மேற்பலகை வளைந்த ஆர்ச்டாப் கிட்டார்களுள் சிலவற்றின் கழுத்தினுள், தந்தியின் இழுவையைத் தாங்கும் எஃகுக் கம்பி இல்லை. இதில் கருத்து வேறுபாடு கிடையாது. ஏன் இல்லை என்பதற்கு நெடுநாளாக ஒரே விடைதான் சொல்லப்பட்டு வருகிறது: எஃகு கிடைக்கவில்லை, அதனால் வைக்கவில்லை. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றிய பட்டறை என்ற சித்திரம் இதிலிருந்துதான் எழுந்தது. பழைய கருவிகளை விற்போருக்கும் அந்தச் சித்திரம் பிடித்துப்போயிற்று. என் வாசிப்பு வேறு. கம்பியில்லாக் கழுத்து ஒப்பேற்றியதன் அடையாளமன்று. முன்கூட்டியே போட்ட கணக்கின் அடையாளம்.

எல்-50 வகையை எடுத்துக்கொள்வோம். தலைப்பகுதியில் ‘கிப்சன் ஒன்றே தகும்’ என்று பொருள்படும் வாசகப் பட்டை பொறித்த, கம்பியில்லாத எல்-50. அதன் கழுத்தைப் பிடித்தவுடன் கை உணர்வது பருமனை. போருக்கு முந்தைய கழுத்தோடு ஒப்பிட்டால் இது உள்ளங்கையை நிறைக்கிறது. சில கருவிகளில் மகாகனிக்குப் பதிலாக மேப்பிள் பட்டைகளை ஒட்டிச் செய்த கழுத்தும் உண்டு. மேப்பிள் மகாகனியைவிட விறைப்பானது. இந்தப் பருமனும் மரத்தேர்வும் தற்செயலானவை என்று கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

காரணம் வேலையின் வரிசையில் இருக்கிறது. தாடியஸ் மக்ஹியூ 1923இல் காப்புரிமை பெற்ற அந்தக் கம்பிக்குக் கழுத்து மரத்தில் முதலில் பள்ளம் வெட்ட வேண்டும். கம்பியை இறக்கி, மேலே மரக்கீற்று வைத்து மூட வேண்டும். அதன் பின்னரே விரற்பலகையை ஒட்ட முடியும். கம்பி தீர்ந்துபோய்க் கடைசி நேரத்தில் கைவிட்டிருந்தால், கம்பிக்கென்று திட்டமிட்ட மெல்லிய கழுத்துகளே கம்பியின்றி வெளிவந்திருக்கும். அவை தந்தியின் இழுவையில் வளைந்தும் போயிருக்கும். நமக்குக் கிடைப்பவையோ பருத்த கழுத்துகள். கம்பி வராது என்பது உளி மரத்தைத் தொடுமுன்பே தெரிந்திருக்கிறது.

எப்படித் தெரிந்தது? அமெரிக்கப் போர்க்கால உற்பத்தி வாரியம் 1942இல் பிறப்பித்த எல்-37 வரிசை ஆணைகளை இங்கே மறுபடி படிக்க வேண்டும். கருவியின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உலோகம் முதலிய அரிய பொருள் இருக்கலாகாது என்று அவை வரம்பிட்டன. தடையன்று, வரம்பு. இந்த வேறுபாட்டைப் பலரும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். கிட்டாரின் எடை இரண்டரைக் கிலோ என்று கொண்டால் உலோகத்துக்கு 250 கிராம். கம்பியை 16 அங்குல நீளம், 3/16 அங்குல விட்டம் என்று கொண்டால் அதன் எடை ஏறத்தாழ 57 கிராம். அதாவது அனுமதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். மீதியில் முறுக்காணிகள், ஃபிரெட்டுகள், தந்திகள் எல்லாம் அடங்க வேண்டும். தட்டைமுகக் கிட்டாரில் தந்தி பாலத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆர்ச்டாப்பிலோ அது பாலத்தைத் தாண்டி டெயில்பீஸில் போய் மாட்டுகிறது. அந்த டெயில்பீஸும் வழக்கமாக உலோகம். முறுக்காணி இல்லாமல் கிட்டார் இல்லை, டெயில்பீஸ் இல்லாமல் ஆர்ச்டாப் இல்லை. மரத்தைப் பருக்கவிட்டு ஈடுகட்டக்கூடிய ஒரே உறுப்பு கம்பிதான். என் எண்கள் மதிப்பீடுகளே. கருவிக்குக் கருவி மாறும். ஆனால் எந்த உறுப்பை முதலில் விடுவது என்ற வரிசை மாறாது.

கம்பியில்லாத தட்டைமுகக் கிட்டார்களும் உண்டே என்பர். உண்டு. ஒரே பட்டறையில் இரண்டு வகைக்கும் கழுத்துச் செதுக்கியவர்கள் ஒரே முறையைக் கையாண்டிருக்கலாம். இதற்கு மேல் அந்த மறுப்புக்கு இடம்தரத் தேவையில்லை. போர்க்காலத்திலேயே கம்பி வைத்த கருவிகளும் உள்ளன என்பது இன்னும் கனமான மறுப்பு. ஆனால் அது பற்றாக்குறை விளக்கத்தையும் அதே அளவு இடிக்கிறது.

ஆண்டு கணிப்பதில்தான் உண்மையான சிக்கல். அனுப்புகைப் பேரேட்டில் உள்ள தேதி கருவி வாசலைத் தாண்டிய நாள். உள்ளே பதித்த ஆலை ஆணை எண் ஒரு தொகுதியின் அடையாளம். முன்னதைப் பிறந்தநாளாகக் கொள்வது, ஏடு படியெடுத்த ஆண்டை நூல் இயற்றிய ஆண்டாகக் கொள்வது போன்றது. சுவடிப் பதிப்பாளர் எவரும் இந்தப் பிழையை இன்று செய்யமாட்டார். கிட்டார்ப் பட்டியல்களில் மட்டும் அது தொடர்கிறது. தொகுதி தொடங்கியபோதே கழுத்தின் வடிவம் முடிவாகியிருந்தால், கம்பியின்மை அந்தத் தொடக்கத்துக்குச் சான்றாகுமே தவிர அனுப்பிய நாளுக்கு ஆகாது. 

ஆண்கள் படைக்குச் சென்றபின் அந்தப் பட்டறையில் பெண்கள் பெருமளவில் வேலை செய்தனர். அக்காலக் கருவிகளின் மெல்லிய பலகைகளை அவர்களின் ‘நுண்ணிய கை’க்கு உரியவை என்று கூறும் போக்கும் உண்டு. பலகையை மெலிதாக்கியவர்கள் அவர்கள் என்றால், கழுத்தைப் பருக்கவிட்டவர்களும் அவர்களே. இரண்டும் அளவுகோல் பார்த்துச் செய்த வேலை; கையின் மென்மைக்கு இதில் இடமில்லை.

ஆகவே அருங்காட்சியகப் பட்டியல்களில் ‘கம்பி: உண்டு/இல்லை’ என்ற ஒற்றைக் கட்டத்துக்கு முன்னால், முதல் ஃபிரெட்டிலும் ஒன்பதாம் ஃபிரெட்டிலும் கழுத்தின் தடிமனை மில்லிமீட்டரில் குறிக்க ஒரு பத்தி சேர்க்க வேண்டும். பக்கத்தில் ஆலை ஆணை எண். அனுப்பிய தேதி அதற்கும் அடுத்த பத்தியில் இருக்கட்டும்.