சேற்றில் பிறந்த சொகுசு வாகனம்



சென்ற வாரம் எங்கள் பாடசாலை வாசலில் ஒரு ரேஞ்ச் ரோவர் வந்து நின்றது. இடைவேளை மணி அடித்தும் பிள்ளைகள் வகுப்புக்குள் வரவில்லை. "ஸேர், இந்த ஜீப்பின்ட காசுக்கு எத்தன வீடு கட்டலாம்?" என்று ஒரு மாணவன் கேட்டான். விலையை விடு மகன், வரலாற்றைச் சொல்றன் என்றேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

'ஜீப்' என்ற பெயர் இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க வில்லிஸ் வண்டியால் பரவியது. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் நம் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டதும் அதே போரில்தான்.

போர் முடிந்த பின் இங்கிலாந்து ரோவர் கம்பனியின் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஒரு பழைய வில்லிஸ் வைத்திருந்தார். அதற்கு மாற்றாக அவர் யோசித்ததே லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. அப்போது உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். முழுக்க முழுக்க விவசாயிக்கான வண்டி.

1970 இல் ரேஞ்ச் ரோவர் வந்தது. 3.5 லீற்றர், எட்டு சிலிண்டர் என்ஜின். இலைவில்லுக்குப் பதிலாகச் சுருள்வில். நான்கு சில்லுக்கும் டிஸ்க் பிரேக். ஆனால் இரண்டே கதவு. உள்ளே தோல் இருக்கை இல்லை, தண்ணீர் அடித்துக் கழுவக்கூடிய பிளாஸ்டிக். நான்கு கதவு வந்தது 1981 இல், காற்றுச் சஸ்பென்ஷன் 1992 இல். சொகுசு மெல்ல மெல்லத்தான் ஏறியது.

அதன் உண்மையான பலம் வேறு. நான்கு சில்லும் எப்போதும் இழுக்கும். வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளை விடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கிறது. ஒரு பக்கம் சேற்றில் வழுக்கினால் அதைப் பூட்டிவிடலாம். குறைந்த கியரில் வேகம் குறையும், இழுவை கூடும்.

2004 சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனங்களின் இப்படியான வாகனங்கள் நம் ஊர்களுக்கு வரிசையாக வந்தன. எந்த மணலிலும் ஏறின. ஆனால் கிண்ணியாத் துறையில் அவையும் சைக்கிள்காரரோடும் மீன் பெட்டியோடும் 'பாதை'க்குக் காத்து நின்றன. அந்தக் காத்திருப்பு 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் பாலம் திறக்கப்பட்டபோதுதான் முடிந்தது.

அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2021 நவம்பர் 23 இல், குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய 'பாதை' கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட நம் பிள்ளைகளையும் இழந்தோம். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

இன்றைய ரேஞ்ச் ரோவர் 90 சென்றிமீற்றர் தண்ணீரைக் கடக்கும் என்கிறார்கள். நல்ல பொறியியல்தான், மதிக்கிறேன். ஆனால் அது உள்ளே இருப்பவரை மட்டும்தான் கரைசேர்க்கும். பாலம் நடந்து வரும் பிள்ளையையும் சேர்க்கும். வண்டியைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைக்கு இதையும் சொல்லிக் கொடுப்போம்.

'பாதை'யில் போய்வந்த காலம் நினைவுள்ள மூத்தவர்கள் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.