112 அடி மனுவை எப்படி வாசிப்பது?

"ரெட்டமலை சீனிவாசன் வெள்ளைக்காரனுக்கு ஆதரவாக இருந்தவர்தானே?" வாசிப்பு வட்டத்திற்கு வரும் மாணவத் தோழர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஆதாரமாக அவர்கள் காட்டுவது ஒரு மனுவை.

ஐ.சி.எஸ். தேர்வு அப்போது லண்டனில் மட்டுமே நடந்தது. அதை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. 1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு 'பறையன்' இதழைத் தொடங்கிய சீனிவாசன் எதிர்த்தார். 3412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீள மனு லண்டனுக்குப் போனது.

இன்று பார்த்தால் தேசத் துரோகம் போலத் தெரியலாம். 'இந்தியர்' என்றால் எல்லோரும் சமம் என்பது 1950இல் அரசியல் சட்டம் கொடுத்த உறுதி. அந்த உறுதி இல்லாத காலத்து மனிதரை அதை வைத்து அளக்கிறோம். கோவையில் தன்னோடு படித்த சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள் என்று சீனிவாசன் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதுகிறார். சாதி தெரிந்துவிடுமோ என்று யாரோடும் ஒட்டாமல் இருந்தவர். தேர்வு இங்கே நடந்தால் கலெக்டர் நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

அந்த நாற்காலியின் அதிகாரம் சிறியதல்ல. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகுதான் 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. ஆனால் மிராசுதார்களைப் பகைத்துக்கொள்ளத் தயங்கியதும் அதே வெள்ளை அரசுதான். ஆகவே சீனிவாசனின் கணக்கைத் தாராளமாக விமர்சிக்கலாம். அதற்கு முன் அது என்ன கணக்கு என்று கேட்டாக வேண்டும்.

இதைச் சொன்னதும் சிலர் குறுக்கே வருவார்கள்: "அப்படியானால் தீண்டாமையையும் இன்றைய கண்ணால் பார்க்காதீர்கள். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அது இயல்பு." யார் அந்த எல்லோரும்? சேரியில் இருந்தவர்கள் அதில் சேர்த்தியா, இல்லையா? சாதிக் கொடுமை கொடுமைதான் என்று 'பறையன்' 1893இலேயே எழுதியது. அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்க மறுத்து வாதாடினார். இவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தாம். தீண்டாமையைக் குற்றம் என்று சொல்ல நமக்கு இன்றைய அளவுகோல் தேவையில்லை, அன்றைய சாட்சிகளே போதும்.

தோழர்களே, வரலாறு எழுத உட்காரும்போது அந்தக் காலம் என்ன சொன்னது என்று கட்டாயம் கேளுங்கள். அந்தக் காலத்தில் யார் சொன்னது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.